மேல்தட்டில் நடக்கிற மாப்பிள்ளை

எனக்கு இருந்த இடத்தில் இருந்துகொண்டு யோசிக்க வராது. நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் குந்தியிருக்கிற தொழிலைப் பிடித்துக்கொண்டு இப்படிச் சொல்வது வெட்கக்கேடுதான். ஆனால் என்ன செய்ய, கை தட்டச்சுச் செய்யும், மூளை ஓட வேண்டுமென்றால் கால் நடக்க வேண்டும். கொழும்பில் இருந்த காலத்தில் அலுவலக நடைபாதையில் நடப்பேன். நான் வருவதைக் கண்டால் கூட வேலை செய்கிறவர்கள் கோப்பிக் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பார்கள். கலியாணம் முடித்துக் கல்முனைக்கு வந்த பிறகு நடக்கக் கிடைத்த இடம் ஒன்றே ஒன்றுதான். மாமா வீட்டு மேல்தட்டு.

மாமா வீடு என்று சொல்லக் கூடாது, அது ஸாலிஹாவின் வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். வீட்டைக் கட்டி, பெண்ணின் பெயரில் எழுதி, அதற்குள் மாப்பிள்ளையைக் கூட்டி வந்து இருத்துவார்கள். நான் ஒலுவிலிலிருந்து ஒரு பெட்டியோடும் ஒரு மடிக்கணினியோடும் வந்து இறங்கினேன். மாமா கச்சிமுகம்மதுவும் மாமியும் முன்பக்கத்தை எங்களுக்கு விட்டுவிட்டுப் பின்பக்க அறைக்கு மாறிக்கொண்டார்கள். மேலே இன்னொரு மாடி எழுப்புகிற எண்ணத்தில் கொங்கிறீட் தட்டுப் போட்டு, தூண் கம்பிகளை வானத்தைப் பார்க்க விட்டு வைத்திருக்கிறார்கள். அந்த மாடி என் மகனின் கலியாணத்துக்குள் எழும்பினால் பெரிய காரியம். எனக்கு இன்னும் மகன் இல்லை.

அந்தத் தட்டில்தான் காலையில் ஏறுவேன். காதில் பேச்சுக்கருவியை மாட்டிக்கொண்டு கம்பிகளுக்கிடையில் நடப்பேன், கொழும்போடு கதைப்பேன், வெளிநாட்டுக்காரனோடு இங்கிலீசில் வாதாடுவேன், ஏதாவது பிடிபட்டால் கீழே ஓடிவந்து தட்டச்சுச் செய்துவிட்டுத் திரும்ப ஏறுவேன். பொழுது படத்தான் இறங்குவேன்.

மற்றபடி இந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் குறையே. மாப்பிள்ளை மரியாதை என்றால் சும்மா இல்லை. சட்டியில் பெரிய மீன் துண்டு எதுவோ அது என் சோற்றுக் கோப்பையில் கிடக்கும். கறியில் உப்புக் கூட என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னேன், மாமி அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்வதில்லை. அவர்களும் என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. மாமாவுக்கு என்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் மாமியிடம் சொல்வார், மாமி ஸாலிஹாவிடம் சொல்வார், ஸாலிஹாவிடம் நான் என்னவென்று கேட்டால், "ஒண்டும் இல்ல, சும்மா" என்பாள்.

இருப்புக் கொள்ளாத மனுசனுக்குப் பொழுதுபோக்கு ஒன்று வேண்டும் என்று எத்தனையோ முயன்று பார்த்தேன். மீன் தொட்டி வாங்கினேன், மீன்களுக்கு என் முகம் பிடிக்கவில்லை போலும், ஒவ்வொன்றாக மல்லாந்தன. வீட்டிலேயே பாண் சுடப் பழகினேன். நான் சுட்ட பாணை மாமா மரியாதைக்காக இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தார். அரபு எழுத்தணிக்குத் தூரிகை, நீச்சல் கண்ணாடி, மலை ஏறுகிற சப்பாத்து. கல்முனையில் மலைக்கு எங்கே போவது என்று வாங்கும்போது யோசிக்கவில்லை.

"உங்கட பொழுதுபோக்கெல்லாம் என்ட அலுமாரிக்குள்ளதான் கிடக்கு," என்பாள் ஸாலிஹா. "எனக்கு உடுப்பு வெக்க இடமில்ல."

கடைசியில் நிலைத்தது நடைதான்.

அந்த நடைக்கு ஒரு துணையும் இருந்தது. எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் றிபாத் காக்காவின் வீடு. காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். சந்தைக்குள் துணிக்கடை வைத்திருந்தார். பகல் சாப்பாட்டுக்கு வந்தால் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, அசர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகும் முன் தன் வளவு முற்றத்தில் நின்று மேலே பார்ப்பார். கல்முனை முழுக்க என்னை மாப்பிள்ளை என்று மதிக்காமல் பகிடி பண்ணிய ஒரே மனிதர் அவர்தான்.

"என்ன மாப்புள, கண்டிக்குப் போய்ச் சேர்ந்தாச்சா?"

"மகியங்கனை தாண்டிட்டன் காக்கா."

"வரக்குள்ள கொஞ்சம் மரக்கறி வாங்கிட்டு வா."

போன மாதம் ஒருநாள் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். அவ்வளவுதான். ஜனாஸாவுக்கு ஊரே வந்தது. ஜனாஸாவைச் சுமந்த சந்தூக்கின் ஒரு காலுக்கு நானும் தோள் கொடுத்தேன். கபுறுக் குழியில் மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்து அடுத்த நாள் மேல்தட்டில் ஏறினேன். அசர் நேரம் கால் தானாக அந்தப் பக்கத்து ஓரத்தில் நின்றது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இன்னும் கூட நடந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து செய்தி வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் அலுவலகத்துக்குத் திரும்பி வர விரும்பினால் வரலாம், வந்தால் பதவி உயர்வு, மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. ஸாலிஹா இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், வீடும் இங்கே, வீட்டை விட்டு அவள் வர மாட்டாள். வாரக் கடைசியில் இரவு பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டு வந்து மனைவியைப் பார்க்கிற வாழ்க்கை எனக்கு வேண்டாம். இங்கேயே இருக்கிறேன் என்று சொல்ல இருந்தேன்.

அப்போதுதான் வீட்டார் என்னைத் துரத்தத் தொடங்கினார்கள்.

முதலில் நெல். மாமாவுக்குச் சவளக்கடை ஊர்ப் பக்கம் வயல். வெட்டு முடிந்து நெல் வந்தால் மாமி அவித்து முன் வளவில் படங்கு விரித்துக் காயப்போடுவார். இந்த முறை நான் காலையில் ஏறிப் பார்த்தால் மேல்தட்டு முழுக்க நெல், கால் வைக்க இடமில்லை. முன் வளவு வெறுமையாகக் கிடந்தது.

"மேல நல்ல வெயில் மகன்," என்றார் மாமி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

முன் வளவில் என்ன நிலா வெளிச்சமா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. நெல்லை மிதிக்காமல் தட்டின் ஓரமாக, றிபாத் காக்கா வீட்டுப் பக்கத்து விளிம்பைப் பிடித்து நடந்தேன். நெல்லைக் கிளறி விட மேலே வந்த மாமி நான் நடக்கிற இடத்தைப் பார்த்ததும் திகைத்துப் போய்ப் படியிலேயே நின்றார். பிறகு கிளறாமலேயே இறங்கிவிட்டார். அடுத்த நாள் நெல் முன் வளவுக்கே வந்துவிட்டது.

அதற்கடுத்து ஹோல். நான் தொழப் பள்ளிக்குப் போய் வருவதற்குள் மாமா சோபா செற்றியைத் தூக்கி விறாந்தையில் போட்டுவிட்டார், சாப்பாட்டு மேசையைக் குசினிக்குள் தள்ளிவிட்டார். ஹோல் கலியாண மண்டபம் மாதிரிக் கிடந்தது. வந்த விருந்தாளி நிலத்தில்தான் குந்த வேண்டும்.

"காத்து வரட்டுமெண்டுதான் மகன்," என்றார் மாமா. "நீங்களும் வேணுமெண்டா இதுக்குள்ள அங்கால இங்கால…" என்று இழுத்துவிட்டு இருமினார்.

அன்றைக்கு எனக்கு மனம் சரியில்லை. நாங்கள் எழுதிக் கொடுத்த சப்பாத்துக் கடைக் கணினி நிரல் வேறு பழிவாங்கிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் ஒரு பெரிய சப்பாத்துக் கடை, அவர்களுடைய இருப்பில் அரைச் சோடி சப்பாத்து என்று காட்டுகிறது. ஒற்றைக் கால் சப்பாத்தை எவன் வாங்கினான், எவன் விற்றான், ஒன்றும் பிடிபடவில்லை. என்னோடு அதில் மண்டையை உடைக்கிறவன் துசாந், பக்கத்து ஊர்ப் பாண்டிருப்பில் வீட்டிலிருந்து வேலை செய்கிறான். அவனும் பெண் வீட்டில் இருக்கிற மாப்பிள்ளைதான். சப்பாத்தை விட்டுவிட்டு அவனிடம் என் கதையைச் சொன்னேன்.

"உன்ன வீட்ட விட்டு எழுப்பப் பாக்காங்கடா," என்றான் துசாந். "எங்கட மாமி எண்டா நேர வந்து சொல்லும், தம்பி சும்மா மேல கீழ ஏறாம கடைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கிட்டு வா எண்டு. உங்கட ஆக்கள் மரியாதையாச் செய்றாங்க."

"நான் என்னடா செஞ்ச?"

"நாள் முழுக்க ஒரு ஆம்பிள வீட்டுக்குள்ள கிடந்தா ஆருக்குத்தான் பிடிக்கும்? நீ அங்க வேல செய்றாய் எண்டு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? கம்பிக்குள்ளால கூவிக்கொண்டு திரியிறாய், அவ்வளவுதானே தெரியும்."

சிரித்துவிட்டு அழைப்பைத் துண்டித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வேளை அதுதான் உண்மையோ என்று தோன்றியது. நான் இந்த வீட்டுக்கு மூன்று வருசமாகப் பாரமாகக் கிடக்கிறேன், இவர்கள் வாய் திறந்து சொல்லத் தெரியாத ஆட்கள், நெல்லாலும் செற்றியாலும் சொல்கிறார்கள். அப்படி நினைத்த பிறகு எல்லாமே பொருந்தி வந்தது. மாமி பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தால் அதிலும் ஒரு பொருள் தெரிந்தது.

கடைசியில் மேசன் வந்தார். நான் படியால் இறங்கி வரும்போது, படிக்கட்டு வாசலை நாடாவால் அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் மாமா நின்றார்.

"என்ன மாமா இது?"

"கதவொண்டு போடுவமெண்டு பாக்கன் மகன். பூனை ஏறுது."

"மேல பூனைக்கு என்ன இரிக்கி?"

மாமா மேசனைப் பார்த்தார், மேசன் நாடாவைப் பார்த்தார். "பூட்டும் ஒண்டு போட்டா நல்லம்," என்றார் மாமா மெதுவாக.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பூனையாம். இந்த வீட்டில் பூட்டுப் போடத் தேவையான ஒரே பூனை நான்தான் என்று எனக்கு விளங்காதா? போதும். கொழும்புக்கு வருகிறேன் என்று மேலாளருக்கு எழுதத் தொடங்கினேன். எழுதி முடிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு ஸாலிஹா வந்தாள்.

"நான் கொழும்புக்குப் போறன்," என்றேன்.

கைப்பையைக் கட்டிலில் வைத்தவள் அபாயாவைக் கழற்றாமல் அப்படியே இருந்தாள். "ஆரு போகச் சொன்ன?"

"ஆரும் சொல்லல்ல. சொன்னாப் பரவாயில்லயே. நெல்லப் போட்டீங்க, ஹோலக் காலி பண்ணினீங்க, இப்ப படிக்குப் பூட்டு. நான் மேல நடக்கிறது ஒங்கட வாப்பாவுக்கு என்ன கேடு? ஒரு கம்பியக் கழட்டி வித்தனா? பிடிக்காட்டி மூஞ்சிக்கு நேர சொல்லுங்க, போறன். மாப்புள மாப்புள எண்டு தலையில வெச்சுக்கொண்டு காலுக்குக் கீழ தட்ட இழுக்கிறது என்ன மரியாதை?"

அவள் அபாயாவின் கையை இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு மிகவும் சின்னக் குரலில் சொன்னாள்.

"ஸுஹைறா ராத்தா இத்தா இரிக்கா."

றிபாத் காக்காவின் மனைவி. கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள், வெளியே போக மாட்டாள், அந்நிய ஆண்களின் கண்ணில் பட மாட்டாள். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த வீட்டு ஜனாஸாவைத் தோளில் சுமந்தவன் நான்.

"அது எனக்குத் தெரியும்தானே," என்றேன்.

"தெரிஞ்சுதானே மேல போறீங்க?"

அப்போதும் எனக்கு உடனே பிடிபடவில்லை, அதுதான் கேவலம். அவள் விரலை உயர்த்தி மதில் பக்கம் காட்டினாள்.

"அவங்கட அறைக்கு ஒரு ஜன்னல்தான். அதையும் நம்மட மதில் மறைக்கிது. தகர வீடு, உள்ள வெந்து போகும். பின் வளவுக்குள்ள வந்தாத்தான் கொஞ்சம் காத்து, கொஞ்சம் வெளிச்சம். நாலு பக்கமும் மதில், ஒரு கண்ணும் படாது, மேல்தட்டத் தவிர. நீங்க காலையில ஏறினா பொழுதுபடத்தான் இறங்குவீங்க. மௌத்து நடந்ததில இருந்து அவ அந்த அறைய விட்டு வெளிய வரல்ல. இரவைக்கு வளவுக்குள்ள இறங்க அவக்குப் பயம்."

நான் ஒருநாளும் அந்த வளவுக்குள் பார்க்கவில்லை, வல்லாஹி, அல்லாஹ் மேல் சத்தியம். கண்ணுக்கு முன்னால் அரைச் சோடி சப்பாத்துத்தான் மிதந்துகொண்டிருந்தது. ஆனால் கீழே ஜன்னலடியில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் தலைக்கு மேலே ஓர் ஆம்பிளையின் காலடி. நெல் போட்ட அன்றைக்கு அவருடைய வளவுப் பக்கத்து விளிம்பிலேயே நடந்திருக்கிறேன்.

"ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?"

"மாப்புளைக்கு ஆரு சொல்லுற? ராத்தாட உம்மா எங்கட உம்மாட்ட வந்து அழுதா. அவரிட்டச் சொல்லிராதீங்க, மாப்புள மனம் நொந்துருவார் எண்டு சொல்லித்தான் அழுதா. அதுக்குத்தான் உம்மா நெல்லப் போட்டா. வாப்பா ஹோல ஒதுக்கின நீங்க அதுக்குள்ள நடக்கத்தான். ரெண்டு நாளா அவர் பிளாஸ்ரிக் கதிரையில குந்தித்தான் சோறு தின்றார், தெரியுமா?"

வெட்கத்தில் உடம்பு சுட்டது. வெட்கத்தைவிடக் கோபம் கூட வந்தது. ஒரு வசனம். ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் அன்றைக்கே இறங்கியிருப்பேன். என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரிப் பொத்திப் பொத்தி வைத்து, அந்தப் பெண்ணை இத்தனை நாள் அவிய விட்டிருக்கிறார்கள்.

"அவங்கள விடு. நீ சொல்லியிருக்கலாமே," என்றேன். "உனக்கு என்ன மரியாதை என்னிட்ட?"

ஸாலிஹா என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"எனக்குப் பயம். அந்தத் தட்டும் இல்லாட்டி உங்களுக்கு இந்த வீட்டுல என்ன இரிக்கி? மேல ஏற ஏலாதெண்டா அடுத்த நாள் கொழும்புக்குப் போயிருவீங்க எண்டு நினைச்சன். ராத்தா உள்ள கிடந்து வேகிறா எண்டு தெரிஞ்சும் நான் என்ட புருசனுக்காக வாயப் பொத்திக்கொண்டிருந்தன். அல்லாஹ் என்ன மன்னிக்கட்டும்."

மடிக்கணினியில் எழுதி வைத்திருந்ததை அழித்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே மேசன் இன்னும் மாமாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். நேரே போய், மாமா எனக்கு எல்லாம் தெரியும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் போனேன். ஆனால் அவர் முகத்தைக் கண்டதும் அந்தப் பேச்சு வாயில் நின்றுவிட்டது. அப்படிச் சொன்னால் அவர் கூனிக் குறுகிப் போவார், மாமி இரண்டு நாள் சாப்பிட மாட்டார். மூன்று வருசத்தில் நானும் இந்த வீட்டுப் பாஷையைக் கொஞ்சம் பழகித்தான் இருந்தேன்.

"மாமா, மேல ஒரே வெயில்," என்றேன். "சிக்னலும் சரியில்ல. நான் இனிக் கீழதான் வேல செய்யப் போறன். மேல ஏறவே மாட்டன்."

மாமா என் கண்ணைப் பார்த்தார். நான் அவருடைய கண்ணைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கியது, இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

"உங்கட வசதி மகன்," என்றார். பிறகு மேசனிடம் திரும்பி, "கதவு தேவைப்படாது தம்பி. பூனைய இப்ப கொஞ்ச நாளாக் காணல்ல," என்றார்.

மேசன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நாடாவைச் சுருட்டினார்.

அடுத்த நாள் காலையில் ஹோலில் நடந்து பார்த்தேன். நடக்கத் தொடங்க முன் சுவர் வந்துவிட்டது. திரும்பினால் மற்றச் சுவர். குசினி வாசலில் மாமி கரண்டியோடு வந்தவர் என்னைக் கண்டு ஒதுங்கி நின்றார், நான் அவரைக் கண்டு ஒதுங்கி நின்றேன். பகல் சாப்பாட்டுக்கு முன் தலை வெடிக்கும் போல ஆகிவிட்டது. மேசையைத் திரும்ப ஹோலுக்கு இழுத்து வந்து அதிலேயே இருந்தேன். கால் மேசைக்குக் கீழே தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. மேலாளருக்கு இரண்டு வசனம் எழுதினேன், வரவில்லை, இங்கேயே இருக்கிறேன் என்று. அனுப்பிவிட்டு, செய்தது சரிதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. இத்தா முடியும் வரைக்கும் இப்படி இருந்தால் பைத்தியம் பிடிக்காதா? ஸாலிஹா காலையிலேயே மதில் வாசலால் போய் ராத்தாவிடம் செய்தியைச் சொல்லிவிட்டு வந்தாள். அவர் தலையை ஆட்டினாராம்.

அசர் தொழுதுவிட்டு வந்து மேசையில் இருந்தேன். துசாந் காதுக்குள் அரைச் சோடிச் சப்பாத்தைப் பற்றி ஏதோ கத்திக்கொண்டிருந்தான். அப்போது மதிலுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பேச்சுக்கருவியைக் கழற்றி வைத்தேன்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு செருப்புச் சத்தம், மெதுவாக, கொஞ்சம் நின்று, திரும்பவும். எங்கள் மதிலடி வரைக்கும் வந்தது, நின்றது, திரும்பியது, வளவின் மற்றக் கரைக்குப் போனது. திரும்பவும் வந்தது. மெல்ல மெல்ல வேகம் கூடியது. யாரும் துணி காயப்போடவோ விறகு எடுக்கவோ அப்படி நடப்பதில்லை. இருந்த இடத்தில் இருக்க முடியாதவர்கள்தான் அப்படி நடப்பார்கள். அந்த நடையை எனக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? ஒரு தரம் மதிலடியில் நின்றபோது மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, பிறகு செருப்புத் திரும்பவும் நடந்தது.

காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பிளேன்ரீயோடு வந்த ஸாலிஹா அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றாள். பிறகு நான் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறதைப் பார்த்தாள். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என் காதருகே குனிந்தாள்.

"ஏன் இப்பிடிக் கிடந்து தவிக்கிறீங்க? ஹோல் சும்மாதானே கிடக்கு, எழும்பிக் கொஞ்சம் நடங்களன்."

"வேணாம்," என்றேன். "ஜன்னல் தொறந்து கிடக்கு. என்ட கால் சத்தம் கேட்டா அவ உள்ள போயிருவா."